முதலில் சொன்னது யார்

“என் மனைவி என்னோடு பேசுவதில்லை, தாயே. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.”

குகை வாசலில் துறவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேட்டவன் கொற்றன். கீழே தெரிந்த கோட்டையின் தளபதி. காவலர்களை மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டுத் தனியாக ஏறி வந்திருந்தான்.

“எத்தனை நாளாக?”

“மூன்று வருடமாக. நான் தளபதியான நாளிலிருந்து.”

“அதற்கு முன்பு?”

“பேசிக்கொண்டே இருப்போம். நங்கையும் நானும் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள்.”

“என்ன பேசுவீர்கள்?”

கொற்றன் யோசித்தான்.

“நான் தளபதியாவதைப் பற்றி.”

“எப்படி ஆனாய்?”

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவன் சொன்னான்.

அப்போது தளபதியாக இருந்தவர் சேந்தன். கொற்றனை ஆளாக்கியவர். அவர் எதிரியோடு கூடிவிட்டதாகப் பொய்யாக ஓர் ஓலை தயாரானது. நங்கை எழுதினாள். கொற்றன் அதைச் சேந்தன் வீட்டில் ஒளித்துவைத்தான். மூன்றாம் நாள் அரசன் அவர் தலையை வாங்கிவிட்டான்.

“பதவி வந்த அன்று நங்கை எனக்கு ஆரத்தி எடுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பார்க்கவே முடியவில்லை. இப்போது அவள் கிழக்கு மாளிகையில் இருக்கிறாள். நான் மேற்கில்.”

“உனக்கு என்ன வேண்டும்?”

“ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த யோசனையை முதலில் சொன்னது யார்? சில நாள் அவள் என்று தோன்றுகிறது. சில நாள் நான் என்று. நினைத்துப் பார்த்தால் குரல் அவளுடையதாக இருக்கிறது, வார்த்தை என்னுடையதாக இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் மன்னித்துவிடலாம்.”

“அவளும் இங்கே வந்தாள். இதையேதான் கேட்டாள்.”

“யார் என்றாள்?”

“தான்தான் என்றாள்.”

கொற்றன் நீளமாக மூச்சுவிட்டான். தோள்கள் தளர்ந்தன. அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

கண்ணைத் திறந்தபோது துறவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முகம் மாறியது.

“உண்மையிலேயே அப்படிச் சொன்னாளா?”

“இல்லை. அவளுக்கும் தெரியவில்லை. உன்னைப் போலவே குழம்பிப்போய்த்தான் வந்தாள்.”

“பிறகு ஏன் என்னிடம் அப்படி…”

“அவளிடமும் சொன்னேன். உன் புருஷன் வந்தான், முதலில் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டான் என்று.”

“நான் அப்போது வரவேயில்லையே.”

“ஆமாம்.”

“அவள் என்ன செய்தாள்?”

“உன்னைப் போலவே மூச்சுவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சேந்தன் மனைவி இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டாள். சொன்னேன்.”

கொற்றன் எழுந்தான். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவன்போல ஒரு கணம் நின்றான்.

“நான் போய் அவளிடம் பேசுகிறேன். அங்கே போக வேண்டாம் என்று சொல்கிறேன். இல்லை, நானும் கூட வருகிறேன் என்று சொல்கிறேன். ஏதாவது சொல்கிறேன்.”

“எங்கே போய்ச் சொல்வாய்?”

“கோட்டைக்குத்தான். கிழக்கு மாளிகைக்கு.”

துறவி கீரையை ஓரமாக வைத்தாள்.

“அவள் இங்கிருந்து நேராக அந்த ஊருக்குப் போய்விட்டாள், கொற்றா. இன்றோடு பதினோரு நாள்.”