பூட்டிய வீட்டு மீட்டர்

மர்ம நாவல் மாத இதழின் ஆசிரியர் மங்கையர்க்கரசிக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையின் முதல் பக்கத்தை மட்டும்தான் வாங்குவார். மிச்சம் எழுதியவரின் மடியில் இருக்கும். ஆசிரியராகக் கை நீட்டி இரண்டாம் பக்கத்தைக் கேட்டால் கதை அச்சுக்குப் போகும். கேட்காவிட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

சவரிமுத்து அங்கே நிறைய டீ குடித்தவர். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். ஆசிரியரைவிட வயதில் மூத்தவர்தான், ஆனாலும் அவரையே குருவாக வரித்திருந்தார். இந்த முறையும் இல்லையென்றால் இனிக் கதையே எழுதுவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மங்கையர்க்கரசி முதல் பக்கத்தைப் படித்தார். இடி, மின்னல், ஆந்தை, ரத்தம், தலையில்லாத ஜமீன்தார். பாவம், எல்லாரும் ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கை நீளவில்லை. டீ வந்தது.

சவரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு மேல என்னதான் மேடம் வேணும்? படிக்கிறவங்கள எப்படித்தான் பிடிச்சு நிறுத்துறது?"

"டீ ஆறுது சார்" என்றார் அவர். பிறகு, "நீங்க ஏறி வரும்போது படியில ஒருத்தர் இறங்கிப் போனாரே, பார்த்தீங்களா?"

"இல்லையே. யாரும் வரலையே."

"அப்படியா" என்றவர் ப்ரூஃப் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

"இருக்கிறதே ஒரு படிதானே மேடம்?"

"ஆமா."

"அப்ப யாரு அது?"

அவர் அடுத்த ப்ரூஃப் தாளைப் புரட்டினார். சவரிமுத்து எழுந்து போய்ப் படியை எட்டிப் பார்த்தார். பட்டப்பகல். வெயில் மட்டும்தான் கிடந்தது. ஆனாலும் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் தன் முதல் பக்கத்தைப் பார்த்தார். ஆறிப்போன டீயைப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தைக் கிழித்துப் போட்டார்.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க மேடம், சீக்கிரம்!"

அவர் எழுதியது இவ்வளவுதான்:

‘பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பங்களாவுக்கு ரீடிங் எடுக்கப் போனேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்ததும் நின்றது.’

மங்கையர்க்கரசி படித்தார். மறுபடியும் படித்தார். கை தானாக நீண்டது.

"அடுத்த பக்கம் எங்க?"

சவரிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னும் எழுதல மேடம்."

"உள்ள யாரு சார் இருக்கா?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, படியில இறங்கினது யாருன்னு சொல்லிடுங்க."

மங்கையர்க்கரசி எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஒரு கட்டு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அடுத்த பக்கத்த எழுதுங்க, சொல்றேன்."