ஏழாவது ஓட்டு

ஏழாற்று நாட்டில் கீழ்ச்சபைக்கு ஜனங்கள் ஆள் அனுப்புவார்கள். மேல்சபைக்கு அந்தக் கீழ்ச்சபை உறுப்பினர்கள் ஆள் அனுப்புவார்கள். ஜனங்கள் போடும் ஓட்டு ரகசியம். உறுப்பினர் ஓட்டு அப்படி இல்லை. பிடித்த வேட்பாளர் பெயருக்கு நேரே ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று எழுதி, சீட்டைத் தன் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். ஏஜெண்ட் பார்க்கலாம், தொடக்கூடாது. அத்தனை பேரும் யோக்கியர்கள், அதனால்தான் ஒருத்தனை ஒருத்தன் நம்புவதில்லை.

மேற்கு வட்டாரத்தில் ஏழு உறுப்பினர்கள், மேல்சபையில் ஓர் இடம். செங்கோடனும் பவளக்கொடியும் போட்டியிட்டார்கள். ஆளுக்கு மூன்று ஓட்டு உறுதி. ஏழாவது ஓட்டு இருளப்பனுடையது. இருபது வருஷம் ஆடு அறுத்து விற்றவன். செங்கோடனின் கட்சிதான். ஆனால் செங்கோடன் சந்தைக் கடைகளைக் கொளுத்தியவன், அவனுக்கு என் ஓட்டு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டான்.

மறுநாளே அவன் தம்பி சடையனைச் செங்கோடன் ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். வாழையிலையில் ஒரு விரல் வந்தது. இலையெல்லாம் ரத்தம். கூடவே ஒரு சீட்டு: “ஒன்று எனக்கு. இரண்டை யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்.”

“போடுறேன். அவனை உயிரோட விடு” என்று இருளப்பன் சொல்லி அனுப்பினான்.

தேர்தல் அன்று காலை இரண்டாவது விரல் வந்தது. சடையன் மனைவி பேச்சியாயி பிரித்துப் பார்த்து அலறினாள். “இலையில பொட்டு ரத்தம் இல்ல அத்தான். கழுவி அனுப்பியிருக்கானுங்க பாவிங்க.”

இருளப்பன் விரலை வாங்கி, வெட்டுவாயை உற்றுப் பார்த்தான். கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினான். ஈரத்தலையோடு சபைக்குப் போனான்.

செங்கோடன் கட்சி ஏஜெண்ட் மொட்டையன் சிரித்தான். “என்னய்யா, ஆடு அறுத்த கையில சீட்டா? காட்டு.”

இருளப்பன் காட்டினான். ஒன்று, பவளக்கொடிக்கு நேரே இருந்தது. மொட்டையன் சுதாரிப்பதற்குள் சீட்டு பெட்டிக்குள் விழுந்தது. அங்கேயே அடித்தார்கள். தாடை உடைந்தது, மூன்று பல் தரையில் கிடந்தது. நான்குக்கு மூன்று என்று பவளக்கொடி ஜெயித்தாள்.

சாயங்காலம் சுண்ணாம்புக் குழியில் சடையன் கிடந்தான், கழுத்தறுபட்டு. பேச்சியாயி செருப்பைக் கழற்றி இருளப்பன் முகத்தில் அடித்தாள். “கட்சிச் சண்டைக்கு என் புருசனை வித்துட்டியே.”

இருளப்பன் தம்பியை விற்றானா, இல்லையா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

விடை: விற்கவில்லை. உயிருள்ள உடம்பை வெட்டினால் ரத்தம் பாயும், செத்ததை வெட்டினால் பாயாது. உயிரோடு வெட்டியதை எவ்வளவு கழுவினாலும் வெட்டுவாயில் ரத்தம் உறைந்திருக்கும். இது கசாப்புக்காரனுக்குத் தெரியும். தம்பி காலையிலேயே செத்துவிட்டான் என்று தெரிந்துதான் இழவுக்கு முழுகுவது போல முழுகினான். அவளிடம் சொல்லியிருந்தால் ஒப்பாரி செங்கோடன் காதுக்கு எட்டியிருக்கும், இருளப்பனைச் சபை வாசலிலேயே மறித்திருப்பார்கள். அந்தச் சீட்டில் அவன் எழுதியது ஓட்டு இல்லை, தம்பிக்குப் போட்ட வாய்க்கரிசி.