ஐந்நூறு மில்லிகிராம் தூக்கம்

எஸ்தரின் மருந்துக்கடைக்கு ஒருநாள் காலை ஒன்றியத் தலைவர் குருநாதன் வந்தார்.

“ஒரு அட்டை தூக்க மாத்திரை எடும்மா.”

“டாக்டர் சீட்டு வேணுங்கய்யா.”

“எனக்கே சீட்டா? நாளைக்கு இந்தக் கடை இருக்காது, பார்த்துக்கோ!”

சீட்டில்லாமல் கொடுத்தால் உரிமம் போகும். கொடுக்காவிட்டால் கடையே போகும்.

தலைவர் யாரையோ கைப்பேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். “இந்தா, டாக்டரே பேசறார்.”

“டாக்டர்தான் பேசறேன். தலைவருக்குக் கொடுத்துடுங்க,” என்றது ஒரு குரல்.

எஸ்தர் ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தாள். அந்த மாத்திரை ஒன்றின் அளவு அரை மில்லிகிராம்தான்.

“சரிங்க டாக்டர். ராத்திரிக்கு ஐந்நூறு மில்லிகிராம் போடலாமா?”

“தாராளமா! ஐந்நூறே கொடுங்க.”

“அப்படின்னா ஒரே ராத்திரியில் ஆயிரம் மாத்திரை ஆகுதே, டாக்டர். ஐயா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாரே?”

தலைவர் பதறிப்போய்க் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனார்.

“டேய் மாசானம்! கார் ஓட்டுறவனை டாக்டராப் பேசச் சொன்னா, என்னைக் கொல்லப் பார்க்கிறியாடா?”

வரிசையில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தலைவர் விறுவிறுவென்று படியிறங்கினார்.

“மாத்திரை வாங்க மாசானம் அண்ணனையே அனுப்புங்கய்யா,” என்றாள் எஸ்தர். “சீட்டை மட்டும் வேற டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க.”