மூன்று விரற்கடைத் தாகம்

முன்னொரு காலத்தில், பாலைவனத்தின் நடுவே சுனையூர் என்றொரு சிறு நாட்டைச் செருவேந்தன் ஆண்டுவந்தான். கோபம் வந்தால் நிற்கத் தெரியாது, சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது, அப்படியொரு ராஜா. ஊருக்கெல்லாம் ஒரே ஊற்றுக் குளம். அதைச் சுற்றி முந்நூறு பேரீச்சை மரங்கள்.

ஒரு கோடையில் குளம் வற்றத் தொடங்கியது.

"அரசே, மரங்கள்தான் குடித்துத் தீர்க்கின்றன. வெட்டிவிட்டால் தண்ணீர் மிஞ்சும்" என்றார் அவைப்பெரியவர் சூரபத்திரர். அரசன் ஆசையாய் வளர்க்கும் அரண்மனை வாழைத் தோட்டத்துக்கு யோசனை சொன்னவரும் அவர்தான்.

அமைச்சர் அறவாழி முன்னே வந்தார். அந்தப் பழத்தை நம்பித்தான் ஊரே உயிர் வாழ்கிறது.

"எவ்வளவு குடிக்கின்றன என்று தெரியாமல் வெட்டலாமா, அரசே?"

"மரத்தின் வயிற்றைத் தட்டிப் பார்ப்பீரோ? ஏப்பம் விடுமோ?" என்றார் சூரபத்திரர். அவை சிரித்தது.

"மூன்று நாள் தருகிறேன். அளந்து சொல்லும். இல்லையேல் கோடாலிதான், உமது பதவிக்கும் சேர்த்து" என்றான் அரசன்.

அறவாழி ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடாக, விரற்கடை விரற்கடையாகக் கீறிய கோலைக் குளத்தில் நட்டார். இரண்டு வெண்கலச் சட்டிகளில் நீர் நிரப்பி, ஒன்றை மரநிழலிலும் ஒன்றை வெயிலிலும் வைத்தார். குளத்து நீரை வாழைத் தோட்டத்துக்கு விடும் மடையை ஒருநாள் அடைத்தார், மறுநாள் திறந்தார். இரண்டு நாளும் கரையை விட்டு நகரவில்லை. கணக்கு தனக்கு எதிராகவே வந்துவிடுமோ என்ற பயமும் உள்ளூர இருந்தது.

மூன்றாம் நாள் அவை கூடியது.

"அரசே, மடை அடைத்த பகலில் குளம் மூன்று விரற்கடை இறங்கியது. நிழல் சட்டியில் ஒரு விரற்கடை குறைந்தது. குளமும் மரநிழலில்தான் கிடக்கிறது, ஆக அது வெயிலின் பங்கு. மீதி இரண்டும் மரங்கள் குடித்தவை."

"பார்த்தீர்களா! மரங்கள் குடிக்கின்றன!" என்று துள்ளினார் சூரபத்திரர்.

"குடிக்கின்றன, ஐயா. ஆனால் வெயில் சட்டியில் மூன்று விரற்கடை குறைந்தது. மரத்தை வெட்டினால் நிழல் போகும். மரம் குடித்ததை வெயில் குடிக்கும். தண்ணீரும் மிஞ்சாது, பழமும் இருக்காது."

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மடை திறந்த பகலில்?"

"ஒன்பது விரற்கடை, அரசே. ஊற்று இரவெல்லாம் சுரந்து தருவதோ நான்குதான்."

"அப்படியானால் தோட்டம் மட்டும் ஆறு!" அரசனின் குரல் தணிந்தது. "குளத்தைக் குடித்தது என் ஆசைதானா, அமைச்சரே?"

"நான் தண்ணீரைத்தான் அளந்தேன், அரசே. ஆசையை அளக்க என்னிடம் கோல் இல்லை."

அரசன் ஒரு கணம் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். தன் பொன்னாடையை அறவாழிக்குப் போர்த்தினான். "சூரபத்திரரே, இனி நாள்தோறும் விடியலில் குளத்தை அளந்து, ஊர் கேட்க உரக்கச் சொல்லும்" என்றான்.

மடையை அரசனே போய் அடைத்தான். வாழைகள் காய்ந்தபோது சில நாள் சன்னல் பக்கமே போகவில்லை. குளம் மேல்படியைத் தொட்ட காலையில் மட்டும் தனியாக இறங்கி வந்தான். இரண்டு கை நீர் அள்ளிக் குடித்தான். மூன்றாவது கை நீரை அள்ளவில்லை.