ஒன், ஃபோவர், ட்ரீ

தெற்குக் கரையில் ஒரு துறைமுகம். அங்கே வானொலி அறையில் பாடம் சொல்லிக்கொடுத்த பெர்பெத்துவாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த சேசுராயனுக்கோ நாற்பத்தாறு. அவர் டீச்சர் என்பார், அவள் அண்ணே என்பாள்.

இருபது வருஷம் இழுவைப் படகில் வடம் இழுத்து முதுகு போய்விட்டது மனுஷனுக்கு. கப்பல்களோடு பேசும் இந்த நாற்காலி கிடைத்தால் பிழைப்பு உண்டு. இல்லையென்றால் வீட்டில் குந்த வேண்டியதுதான். அன்று பதினோரு மணிக்குப் பரீட்சை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"என் இங்கிலீசுல அடிக்கிற மீன் வாடை எப்பப் போவும்?"

"யாரு சொன்னா அப்படி?"

"பரீட்சை வைக்க வர்ற அதிகாரிதான். போன மாசம் நான் பேசுனதைக் கேட்டு, நாலு பேர் முன்னாடி மூக்கைப் பொத்திக் காமிச்சாரு."

அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். அன்றைக்கே செல்போனில் வீடியோ பார்த்து லண்டன் உச்சரிப்புப் பழக ஆரம்பித்துவிட்டார். ரகரத்தை விழுங்குவதும் நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டுவதுமாக ஒரு மாசம் வீட்டில் இதே பாடு. "வாய்ப்புண்ணுக்கு மருந்து வாங்கியாரட்டா?" என்று பெண்சாதியே கேட்டுவிட்டாள், பாவம்.

வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலொன்று, துறைக்குள் வழிகாட்டிக் கூட்டிவரும் பைலட் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பெர்பெத்துவா மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பதினாலு முப்பதுக்கு. இலக்கம் இலக்கமாச் சொல்லுங்க."

சேசுராயன் தொண்டையைச் செருமினார். லண்டன்காரராக மாறினார்.

"ஒன், ஃபோ, ஃப்ரீ, ஸீரோ."

கப்பலிலிருந்து கேப்டன் கேட்டார்: "ஃப்ரீயா? என்ன ஃப்ரீ?"

மறுபடியும் சொன்னார், இன்னும் நளினமாக.

"ஐயா, எனக்கு இலவசம் எதுவும் வேண்டாம். பைலட்தான் வேண்டும்."

சேசுராயன் மைக்கைக் கீழே இறக்கினார். "வெள்ளைக்காரனுக்கே புரியலையே டீச்சர்!"

"அவரு ஸ்காட்லாந்துக்காரரு. அவரு பேச்சைக் கேட்டு லண்டன்ல சிரிப்பாங்களாம், அவரே சொல்லியிருக்காரு. அதுக்காக அவரு மாத்திக்கிட்டாரா? சரி, படகுல வடம் அறுந்தா எப்படிக் கத்துவீங்க?"

"அடிவயித்துலேருந்து கத்துவேன்."

"அப்படிச் சொல்லுங்க."

"ஒன்! ஃபோவர்! ட்ரீ! ஸீரோ!"

"பதினாலு முப்பது, புரிந்தது," என்றார் கேப்டன். "முதலில் பேசிய ஆளை இனிமேல் மைக் பக்கம் விடாதீர்கள்."

பெர்பெத்துவா வாய்விட்டுச் சிரித்தாள். வாசலிலும் ஒரு சிரிப்புக் கேட்டது. அதிகாரி வந்து நின்றிருந்தார்.

"ஃபோவராம், ட்ரீயாம்! ஏன்யா, பைலட் என்ன மரத்துல ஏறியா வர்றாரு? உன் இங்கிலீஷ் இன்னும் கரையேறலையே!"

சேசுராயனுக்கு உயிரே போய்விட்டது. நாற்காலி கைநழுவிப் போனதென்றே நினைத்தார். தலை தானாகக் குனிந்தது.

பெர்பெத்துவா எழுந்து வணக்கம் சொன்னாள். உலகத்துக் கப்பல்காரர்களுக்கெல்லாம் பொதுவான பேச்சுப் புத்தகத்தை எடுத்து, எண்களைச் சொல்லும் முறை இருந்த பக்கத்தைப் பிரித்து, அதிகாரி முன்னால் வைத்தாள்.

மூன்றுக்கு நேரே 'ட்ரீ' என்று அச்சிட்டிருந்தது. நான்குக்கு நேரே 'ஃபோவர்'.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். பிறகு பரீட்சைத் தாளை எடுத்தார்.

"ஆயிரத்தை எப்படிச் சொல்வீங்க?"

நீங்க! சேசுராயன் நிமிர்ந்தார்.

"டவுசண்ட், சார்."

அதிகாரியின் விரல் அந்தப் பக்கத்தின் கடைசி வரிவரை இறங்கியது. அங்கேயும் அப்படித்தான் இருந்தது. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சேசுராயன் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"டீச்சர், இதை எழுதுனவரு நம்ம ஊர்க்காரரா?"

"இல்லண்ணே. கப்பல் பத்திரமா வந்து சேரணும்னு நெனச்ச யாரோ."