கம்பு தின்ற தெய்வசிகாமணி

நெய்க்காரன்குடியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் தெய்வசிகாமணி, அடுத்தவன் வைத்தி, கடைசி ரெங்கன். ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர். அரிசியைத் தவிர வேறு தானியத்தை மூவரும் கண்ணால் கண்டதில்லை. மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று உண்டு, அது யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை என்பது ஊர்ப் பேச்சு.

ஒரு நாள் வரப்பில் நடந்துகொண்டிருந்த தெய்வசிகாமணி தலைசுற்றி விழுந்துவிட்டார். தம்பிகள் அழுதுகொண்டே அவரைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

"ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கு. மாத்திரை தரேன். கூடவே தினமும் கம்பு சாப்பிடுங்க. முதல் நாளே ஊறப்போட்டுடணும். அது கிடைக்கலேன்னா குதிரைவாலி," என்றார் டாக்டரம்மா.

வீட்டில் கம்புக்கா பஞ்சம்? மாடு ஓட்டும் கம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் வாழையிலையில் பரிமாறினார்கள். இலைக்கு இரண்டு பக்கமும் அது நீட்டிக்கொண்டிருந்தது.

"எந்த நுனியிலேருந்து கடிக்கணும்டா?"

"மாட்டை அடிக்கிற நுனி வேணாம்ணே. பிடிக்கிற நுனிதான் சுத்தம்," என்றான் ரெங்கன்.

"கை அழுக்கு பூரா அங்கதானே இருக்கு?" என்றான் வைத்தி.

நியாயம்தான். அண்ணன் நடுவில் கடித்தார். பல் ஒன்று போனது.

"கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமாண்ணே?"

"வேணாம்டா. குதிரைவாலியே கொண்டு வாங்க."

பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு ஒரு குதிரை வந்திருந்தது. "எங்கண்ணன் உயிர் உன் வால்லதான் இருக்கு," என்று அதனிடம் பணிவாகச் சொல்லிவிட்டுத்தான் ரெங்கன் வாலைப் பிடித்தான். குதிரை உதைத்த உதையில் பாயசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தான்.

அவனுக்குக் கட்டுப் போடும்போது கதையைக் கேட்ட டாக்டரம்மா, தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பிடி கம்பு எடுத்து வந்து காட்டினார்.

"இத்துனூண்டுக்கா கம்புன்னு பேரு வச்சாங்க?" வைத்திக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

இருந்தாலும் அன்றிலிருந்து கம்பங்கூழ்தான். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் குடித்தார் தெய்வசிகாமணி. முகம் தெளிந்தது, நடை நிமிர்ந்தது. மறுபடி சோதித்த டாக்டரம்மா, "சபாஷ்! ரத்தத்துல இரும்புச்சத்து நல்லா ஏறியிருக்கு," என்றார்.

மூவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

"ஐயையோ!" என்று அலறினான் வைத்தி. "இரும்பாச்சே, துருப்பிடிச்சுடுமே!"

ரெங்கன் ஓடிப்போய்த் தார்ப்பாய் கொண்டுவந்தான். அண்ணனைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வீடு சேர்ந்தார்கள்.

"எண்ணெய் தடவலாமா?"

"எண்ணெய் எத்தனை நாளைக்குத் தாங்கும்? வருஷா வருஷம் வாசல் இரும்புக் கேட்டுக்கு என்ன பண்றோம்?"

கோயிலுக்குப் போயிருந்த தெய்வசிகாமணியின் மனைவி வடிவாம்பாள் திரும்பி வந்தபோது, தலை முதல் கால் வரை பச்சைப் பசேலென்று முற்றத்தில் ஒரு உருவம் கைகளை விரித்து நின்றது. இரண்டு பக்கமும் தம்பிகள் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, என்னங்க இது!" என்று கதறிக்கொண்டு அவள் ஓடிவந்தாள்.

"கிட்ட வராதே வடிவு!" என்று கத்தினார் தெய்வசிகாமணி. "முதல் கோட்டிங்கே இன்னும் காயல!"