வாசலில் நனைந்த முதலாளி

புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் யார் யாருக்குப் போன் போட்டாலும் மணியே அடிக்கவில்லை. தொலைபேசிக் கம்பெனியின் புது இன்ஜினியர் ஜெசிந்தா, மேலாளர் நாகநாதனிடம் ஓடினாள்.

"சார், ஊரே புயல் வீடியோ பார்க்குது. இன்னார் இன்னாரைக் கூப்பிடுறார்னு சொல்ற குட்டி சிக்னல் அந்த நெரிசல்ல மாட்டிக்கிச்சு. அதை முதல்ல விடணும்."

"வீடியோதான்மா நமக்குச் சோறு. அந்தத் துக்கடா வரிசையில நிக்கட்டும்!"

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி முதலாளி கொட்டும் மழையில் வந்து இறங்கினார். வாசலை அடைத்துக்கொண்டு பேட்டரிப் பெட்டிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. முதலாளி வந்த சேதியை மேலாளரிடம் சொல்ல ஓடிய பியூனை ஜெசிந்தா மறித்தாள். "பெட்டியெல்லாம் போகட்டும், அப்புறம் சொல்லுங்க அண்ணே."

தொப்பலாக நனைந்த முதலாளி ஒருவழியாக உள்ளே நுழைந்து கத்தினார். "நான் வந்ததை யாருமே சொல்லலையா?"

"சின்னச் சேதி வரிசையில நிக்கணும்னு மேலாளர் சார் உத்தரவுங்க ஐயா," என்றாள் ஜெசிந்தா. "ஒரு வார்த்தை உள்ளே போகாததால நீங்களே வெளியே நின்னீங்க. ஊர்ல ஒவ்வொரு அழைப்பும் இப்ப அப்படித்தான் நிக்குது."

முதலாளி நாகநாதனை முறைத்தார். "முதல்ல அதுக்கு வழி விடுய்யா!"

ஜெசிந்தா கணினியில் முன்னுரிமையை மாற்றியதும், முதலில் அலறியது நாகநாதனின் போன்தான். எடுத்தால் அவர் மனைவி.

"காலையிலேர்ந்து கூப்பிடுறேன், எங்கே போனீங்க? வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு!"